உளைமேல் போட்ட பாதை

பாசிப்பட்டுக்கு நான் இரண்டு தடவை போயிருக்கிறேன். முதல் தடவை ஜீப்பில் போனேன். அப்போது அந்த ஊருக்கு ரோடு கிடையாது. இரண்டாவது தடவை நடந்து போனேன். அப்போது ரோடு இருந்தது.

எனக்குச் சொந்த ஊர் கலசப்பாக்கத்துக்குப் பக்கம். கிணறு வெட்டுவது தொழில். அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டு அப்பாவோடு கிணற்றில் இறங்கியவன். நாற்பத்தாறு வயது வரைக்கும் ஜவ்வாது மலையைக் கீழேயிருந்துதான் பார்த்திருந்தேன். அங்கே இருப்பவர்கள் சந்தை நாளில் புளியும் சாமையும் சுமந்துகொண்டு இறங்கி வருவார்கள். அவர்களோடு பேசியதில்லை. நான் யாரோடும் அதிகம் பேசுகிறவன் இல்லை. கிணற்றுக்குள்ளேயே இருந்து பழகியதாலோ என்னவோ, மேலே இருப்பவர்கள் கேட்டால் பதில் சொல்வேன். நானாக ஒன்றைச் சொல்ல வராது.

ஒரு சித்திரைக் கடைசியில் ஓவர்சியர் ஒருவர் என்னைத் தேடி வந்தார். மலைமேல் ஒரு கம்பெனி கருப்புக்கல் வெட்டக் குவாரி போடப்போகிறது, லாரி போக ரோடு வேண்டும், வழியில் உளை என்று சொல்கிற ஒரு சதுப்பு நிலம் கிடக்கிறது என்றார். ரோடு போட்டால் அந்தத் தண்ணிக்கும் காட்டுக்கும் என்ன ஆகும் என்று பார்த்து எழுத சர்க்காரில் ஒரு பெரியவரை அனுப்புகிறார்களாம். சேற்றின் ஆழம் பார்க்கக் கம்பி இறக்க ஒரு ஆள் வேண்டுமாம்.

"மண்ணைத் தெரிஞ்ச ஆளா கேக்கறாங்க. மூணு நாள் வேலை. போய்ட்டு வா" என்றார்.

ஜீப் ஓட்டி வந்தவர் பாஷா. ஆற்காட்டுக்காரர். கையும் வாயும் சேர்ந்தே ஓடும். முன்சீட்டில் பெரியவர். நான் அவரை ஐயா என்றுதான் கூப்பிட்டேன். அறுபதை நெருங்கியவர், செடிகொடி படித்தவர். முழங்கால் வலி, கையில் தடி. பின்னால் நானும் கம்பியும். நாலு நாலு அடியில் மூன்று துண்டு. மரை போட்டு முறுக்கினால் பன்னிரண்டு அடி.

அடிவாரம் தாண்டி ஏறும்போது ஐயா திரும்பி எனக்கு விளக்கமாகச் சொன்னார். "ரெண்டு வழி இருக்கு. உளைக்கு நடுவிலே நேரா போடலாம், இல்லே சரிவைச் சுத்திப் போடலாம். சுத்திப் போனா கம்பெனிக்குச் செலவு. சேறு ஆழமா இருந்தா, வருஷம் பூரா தண்ணி நின்னா, சுத்தித்தான் போகணும்னு நான் எழுதிடுவேன். அடியிலே கெட்டியா இருந்தா கல்லைக் கொட்டி நேரா போட்டுடுவாங்க. நீ சொல்ற அடிக்கணக்குதான் முக்கியம்."

நான் தலையாட்டினேன்.

"இன்னா மேஸ்திரி, வாயைப் பூட்டிட்டு சாவியை வூட்லயே வெச்சிட்டு வந்துட்டியா?" என்றார் பாஷா. ஐயா சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன்.

வளைவுகளில் ஏறும்போது ஜீப் கொதித்து நின்றுவிட்டது. மூடியைத் திறந்தால் ஆவி ஆளுயரம் அடித்தது. நிழலுக்கு ஒதுங்கினோம். கொஞ்ச நேரத்தில் தலையில் குடத்தோடு மூன்று பெண்கள் வந்தார்கள். கேட்காமலே ஒருத்தி குடத்தை இறக்கினாள்.

"குடிக்கவா, வண்டிக்கா?"

"ரெண்டுக்கும்தான் தாயி. மொதல்ல வண்டிக்கு ஊத்து. எனக்கு ஊத்தலைன்னா நான் கோவிச்சுக்க மாட்டேன், அது கோவிச்சுக்கும்" என்றார் பாஷா.

முழுக் குடத்தையும் வண்டிக்கு ஊற்றிவிட்டு, குடிக்க அடுத்த குடத்தைச் சாய்த்தார்கள். எங்கள் ஊரில் சித்திரை மாதத்தில் ஒரு சொம்பு தண்ணீர் கொடுப்பதற்கு முன்னால் ஆளை ஏற இறங்கப் பார்ப்பார்கள். நாற்பது அடி, ஐம்பது அடி என்று நான் வெட்டிய கிணறுகளிலேயே அந்த மாதம் தவளைகூட இருக்காது. இவர்கள் காலிக் குடத்தோடு சிரித்துக்கொண்டே வந்த வழியே திரும்பிப் போனார்கள். இவ்வளவு உயரத்தில் இவர்களுக்கு எங்கேயிருந்து தண்ணீர் என்று நினைத்துக்கொண்டே வண்டியில் ஏறினேன்.

கடைசி இரண்டு மைல் பாறைமேலும் ஓடைக்குள்ளும் உருண்டு பாசிப்பட்டு போய்ச் சேர்ந்தோம். இருபது, இருபத்தைந்து வீடு இருக்கும். ஊர் வாசலில் ஊர்க்கவுண்டர் ஒரு பித்தளைக் குடத்தோடு நின்றிருந்தார். ஒல்லியான மனிதர், காதில் கடுக்கன். வெளியூரிலிருந்து யார் வந்தாலும் அங்கே காலுக்குத் தண்ணீர் ஊற்றிய பிறகுதான் உள்ளே விடுவார்கள். வருகிறவர் தானே ஊற்றிக்கொள்ளக்கூடாது, ஊர்க்கவுண்டர்தான் ஊற்ற வேண்டும். ஐயாவுக்கு ஊற்றினார், எனக்கு ஊற்றினார். பாஷா கூச்சப்பட்டு ஒதுங்கினார்.

"எனக்கெல்லாம் எதுக்குங்க?"

"இவ்ளோ தூரம் ஓட்டிக்கினு வந்த காலாச்சே, நீட்டு" என்றார் கவுண்டர்.

அன்று சாயங்காலம் கவுண்டர் வீட்டில் சாப்பாடு. சாமைச் சோறு, துவரைக் குழம்பு, பிறகு ஒரு முழுப் பலாப்பழம். பரிமாறியது கவுண்டரின் மருமகள் காளியம்மா. பாஷா மூன்றாம் தடவை சோறு கேட்டபோது, "ஜீப்புக்கும் சேத்துத் துன்றியா அண்ணா?" என்று கேட்டாள். வீடே சிரித்தது. ஐயாவுக்குப் புரையேறிவிட்டது. வேலைக்குப் போன இடத்தில் நான் அவ்வளவு நிம்மதியாகச் சாப்பிட்டது அன்றைக்குத்தான்.

இரண்டாம் நாள் காலை உளைக்குப் போனோம். இரண்டு மலைச்சரிவுக்கு நடுவே அகலமாகப் பச்சையாகக் கிடந்தது. கோரை இடுப்பு உயரம். சிவப்பாக, தேன்துளி வைத்த மாதிரி ஒரு குட்டிச் செடி. பூச்சியைப் பிடித்துத் தின்னும் என்று ஐயா குனிந்து காட்டினார். முழங்கால் வலியையும் மறந்து உட்கார்ந்து நோட்டில் படம் போட்டார். உள்ளான் குருவிகள் விருட்டென்று எழும்பின. இந்தக் கரையிலிருந்து அந்தக் கரை வரைக்கும் நேர்கோட்டில் குச்சி நட்டுச் சிவப்புத் துணி கட்டியிருந்தார்கள். கம்பெனி ஆட்கள் முன்பே வந்து அளந்துவிட்டுப் போனது. ஒவ்வொரு குச்சியிடமும் நான் கம்பி இறக்க வேண்டும், அடியைச் சொல்ல வேண்டும், ஐயா எழுதிக்கொள்வார்.

கவுண்டர் முன்னால் நடந்தார். கால் நனையவில்லை. புல்தரை மாதிரி இருந்தது.

முதல் குச்சியிடம் கம்பியை இறக்கினேன். ஒன்றரை அடியில் நின்றது. அடித்துப் பார்த்தேன். பாறை என்றால் கம்பி 'டங்' என்று உள்ளங்கை அதிரச் சொல்லும். இது 'நக்' என்றது. கம்பியின் நுனி கொஞ்சம் நகர்ந்தது. அடியில் இருந்தது பாறை இல்லை, யாரோ கொண்டுவந்து போட்ட கல்.

"எத்தனை?" என்றார் ஐயா.

"ஒண்ணரை அடிங்க."

எழுதிக்கொண்டார். அடுத்த குச்சி ஒன்றேகால், அதற்கடுத்தது ஒன்றரை. எல்லாவற்றிலும் அதே 'நக்'. குனிந்து பார்த்தேன். புல் கரணைகரணையாக வெட்டிவைத்துப் பொருத்தப்பட்டிருந்தது. பொருத்திய கோடு லேசாகத் தெரிந்தது. அதன் இடுக்கில் மூங்கில். பத்து முழ அகலத்துக்குக் கல்லும் மூங்கிலும் தழையும் மண்ணும் போட்டு, மேலே புல்லைப் பதித்து, குச்சிக்குக் குச்சி நேராகப் பாதை போட்டிருந்தார்கள். நல்ல வேலை. மண் வேலை தெரியாதவர்களுக்குக் கண்ணில் படாது.

பாதி தூரத்தில் ஐயா நின்று சுற்றிலும் பார்த்தார். "நான் கேள்விப்பட்டது வேற மாதிரி இருந்ததே. கவுண்டரே, இங்கே எப்பவும் இப்படித்தானா?"

கவுண்டரின் முகம் மலர்ந்தது. "எப்பவும் இப்டித்தாங்க சாமி. எங்க ஊர்ல வழி நல்லா இருக்கும். தாராளமா நடந்து போலாம்."

ஐயா என்னைப் பார்த்தார். நான் ஏதாவது சொல்வேன் என்று பார்த்தாரா, சும்மா பார்த்தாரா தெரியாது. நான் கம்பியைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

அவர்கள் இருவரும் முன்னால் போனதும் நான் பாதையை விட்டு நாலு அடி தள்ளிக் கோரைக்குள் கம்பியை வைத்தேன். அழுத்தவே இல்லை. அதுவாக இறங்கியது. நாலு அடி, எட்டு அடி, முதல் மரை போனது, இரண்டாவது மரை போனது, கைப்பிடியும் சேற்றைத் தொட்டது. பன்னிரண்டு அடியும் உள்ளே போன பிறகும் நுனியில் ஒன்றும் தட்டுப்படவில்லை. என் தொழிலில் அப்படி ஒரு ஈர மண்ணை நான் தொட்டதில்லை.

கூப்பிடலாம் என்று வாயைத் திறந்தேன். அக்கரையில் ஐயாவுக்குக் கவுண்டர் கை கொடுத்து ஏற்றிக்கொண்டிருந்தார். அங்கே ஊரே நின்றிருந்தது. ஐயாவின் காலைக் காட்டி ஒரு கிழவர் ஏதோ சொல்ல, எல்லாரும் சந்தோஷமாகத் தலையாட்டினார்கள். கம்பியை இழுத்துப் புல்லால் துடைத்துத் தோளில் வைத்துக்கொண்டு நானும் போய்ச் சேர்ந்தேன்.

சாயங்காலம் குளிக்கச் சுனைக்குப் போனேன். உளைக்குக் கீழே, பாறை இடுக்கில் இருந்தது. உளையில் ஊறுவது அங்கே கசிந்து வரும். காளியம்மா குடம் நிரப்பிக்கொண்டிருந்தாள். பக்கத்திலேயே அவளுடைய நெல் வயல். இரண்டு பாத்தி அடித்துக்கொண்டு போய்ச் சேறாகக் கிடந்தது.

"இன்னா ஆச்சுமா பயிருக்கு?" என்றேன்.

"நாங்களே தொறந்து வுட்டதுதான் அண்ணா. போன தபா குச்சி நட வந்தாரே ஒரு ஆபீசர், தொடை வரிக்கும் உளையில பூந்துட்டாரு. நாலு பேரு கயிறு கட்டி இழுத்தோம். ஆளு வந்தாரு, பூட்ஸு வரல." சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்தினாள். "மாமாவுக்கு ரெண்டு நாளு சோறு எறங்கல. கால் கழுவி உள்ள கூப்ட்ட ஆளை சேத்துல முக்கி அனுப்பிட்டமேன்னு. எங்க ஊருக்கு அது ஆவாது. அதான் இந்தத் தபா வூட்டுக்கு ரெண்டு பேரா எட்டு நாளு வேலை செஞ்சோம். குச்சி இருக்கற எடம் பூரா கல்லு போட்டோம். கீழ்க்கரையை வெட்டித் தண்ணியை வுட்டோம். என் வயலு போச்சு. போனா போவுது, ஐயா கால்ல ஒரு பொட்டு சேறு பட்டுதா சொல்லு?"

"படல."

"நல்லாப் பார்த்து எழுதிட்டாருல்ல? ரோடு சுத்திதானே போவும்? இந்தத் தண்ணி பஞ்சத்துலயும் நின்னது இல்ல அண்ணா. இது போச்சுன்னா நாங்க எங்க போவோம்?"

"எழுதறாங்க" என்றேன்.

அவ்வளவுதான் சொன்னேன். குடத்தைத் தூக்கித் தலையில் வைத்துக்கொண்டு அவள் போனாள். மறுநாள் வண்டியில் போகும்போது ஐயாவிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன். கவுண்டர் முன்னால் சொன்னால் அவருக்குத் தலைகுனிவு. வண்டியில் என்றால் மூன்று பேர்தான்.

மூன்றாம் நாள் கிளம்பும்போது வண்டி நிறையப் பலாப்பழமும் ஒரு புட்டி தேனும் ஏற்றினார்கள். ஐயா வேண்டாம் என்றார். கவுண்டர் கேட்கவில்லை. முதல் வளைவு வரைக்கும் மனசுக்குள் சொல்லிப் பார்த்தேன். ஐயா, அந்தக் கல் போட்ட கல்லுங்க. இரண்டாவது வளைவில் மறுபடி சொல்லிப் பார்த்தேன். ஐயா நோட்டை மடியில் வைத்துக்கொண்டு கண்ணை மூடியிருந்தார். மூன்றாவது வளைவில் கண் திறந்தார்.

"ஐயா, அந்தக் கம்பி…" என்றேன்.

அவர் படபடப்பாகத் திரும்பினார். "என்னப்பா, மறந்து வச்சிட்டு வந்துட்டியா?"

"இல்லீங்க. இருக்குது."

"அப்பாடா" என்று மறுபடி கண்ணை மூடிக்கொண்டார். பாஷா கண்ணாடியில் என்னைப் பார்த்து, "மேஸ்திரி பேசிட்டாரு, இன்னிக்கு மழ வரும்" என்றார். எனக்குக் காது சுட்டது. அதற்குப் பிறகு வாய் வரவில்லை. கலசப்பாக்கத்தில் இறங்கினேன். ஐயா கையெடுத்துக் கும்பிட்டு, "நல்லா வேலை செஞ்சே" என்றார். அவர் மேல் எனக்கு இன்றைக்கும் குறை இல்லை. அவர் கேட்டதற்கெல்லாம் பதில் கிடைத்தது. எழுதினார்.

ஆடி பிறந்த பிறகு ஓவர்சியரைச் சந்தையில் பார்த்தேன். "உங்க ரிப்போர்ட்டு வந்துருச்சி. சேறு ரெண்டு அடிக்குள்ளேதான், நேராவே போடலாம்னு முடிவாயிடுச்சி" என்றார். அன்று வாங்க வந்ததை வாங்காமல் வீட்டுக்குத் திரும்பிவிட்டேன்.

அடுத்த வருஷம் போய் அதற்கடுத்த வருஷம் பங்குனியில் மலைக்காரர் ஒருவர் என் வீட்டைத் தேடி வந்தார். பாசிப்பட்டுக் கவுண்டர் அனுப்பியிருந்தார். ஊருக்கு ஒரு கிணறு வெட்ட வேண்டும், கீழே எங்களுக்குத் தெரிந்த மேஸ்திரி நீதான் என்று சொல்லச் சொன்னாராம். கிணறு என்ற சொல்லே அந்த ஊரில் முன்பு இல்லை.

பஸ் விட்ட இடத்திலிருந்து நடந்தேன். கம்பியைத் தோளில் வைத்திருந்தேன். அது முதல் தடவையே என்னிடம் தங்கிவிட்டது, யாரும் திருப்பிக் கேட்கவில்லை. ரோடு அகலமாக இருந்தது. லாரிகள் வீடு மாதிரி கருப்புக் கல்லை ஒவ்வொன்றாகச் சங்கிலி கட்டிக்கொண்டு இறங்கின. வெளிநாட்டில் சமாதிக்கு வைக்கிற கல் என்று ஒரு கிளீனர் சொன்னார். ஒவ்வொரு லாரிக்கும் ஓரமாக ஒதுங்கி நின்று முகத்தை மூடிக்கொண்டேன்.

உளைக்கு நடுவே ரோடு மேடாகப் போனது. மேல்பக்கம் தண்ணீர் தேங்கி, கோரை அழுகி, நாற்றம் அடித்தது. கீழ்ப்பக்கம் வெடித்துக் கிடந்தது. வெடிப்பில் கை நுழையும். அந்தச் சிவப்புச் செடியைத் தேடினேன். இல்லை.

ஊர் வாசலில் கவுண்டர் நின்றிருந்தார். இளைத்திருந்தார். கையில் குடம் இல்லை, ஒரு சொம்பு. அதில் பாதித் தண்ணீர். என் காலைப் பார்த்தார். முழங்கால் வரைக்கும் ரோட்டுத் தூசி.

"வேணாங்க" என்றேன்.

"நீட்டுப்பா" என்று குனிந்து ஊற்றினார். ஒரு காலுக்கே பெரும்பாலும் தீர்ந்துவிட்டது. மீதியை மற்றக் காலில் துளித்துளியாக விட்டுத் துண்டால் துடைத்தார்.

ரோடு போட்ட கதையை அவரே சொன்னார். "கொட்டக் கொட்ட முழுங்கிச்சிப்பா. மூணு மாசம் லாரி லாரியா கல்லு. எங்க போச்சின்னே தெரியல. இவ்ளோ ஆழம்னு தெரிஞ்சிருந்தா சுத்தியே போயிருப்போம்னு அந்தக் கம்பெனி ஆளே தலையில அடிச்சிக்கினாரு. பாதி போட்டாச்சி, இனிமே வுட முடியாதுன்னுட்டாங்க."

மத்தியானம் காளியம்மா சோறு போட்டாள். கீழேயிருந்து வாங்கி வந்த அரிசி. தண்ணீர் எடுக்க இரண்டு மைல் நடக்கிறாள். சாப்பிட்டு முடித்ததும் நான் இருவரிடமும் சொன்னேன். முதல் குச்சியிலேயே தெரிந்தது, பன்னிரண்டு அடி இறங்கியது, வண்டியில் வாய் திறந்தது, எல்லாம் சொன்னேன். சொல்லி முடிக்க எனக்கு ரொம்ப நேரம் ஆனது. கவுண்டர் தன் கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கல்லு போட்டது நாங்கதானே" என்றார் கடைசியில்.

காளியம்மா தட்டை எடுத்தாள். வாசல் வரைக்கும் போய்த் திரும்பினாள். கோபம் இல்லை.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணா" என்றாள்.

பழைய சுனைக்குப் பக்கத்தில், ஊரார் காட்டிய இடத்தில் வெட்டினோம். ஊர் ஆண்கள் மண் இழுத்தார்கள். அவர்கள் முகத்தைப் பார்க்காமல் இருக்க முடிந்த வரைக்கும் நான் உள்ளேயே இருந்தேன். எட்டு அடி வரைக்கும் பழைய ஈரம் கொஞ்சம் இருந்தது. பிறகு மண் மாவு மாதிரி வந்தது. பதினாறு நாள் ஆயிற்று. இருபத்திரண்டு அடியில் கடப்பாரை நின்றது.

கம்பியை வாங்கி இறக்கினேன். ஒரு ஓரத்தில் வைத்தேன், 'டங்' என்றது. நடுவில் வைத்தேன், 'டங்'. நாலு பக்கமும் வைத்துப் பார்த்தேன். உள்ளங்கை அதிர்ந்தது. எங்கேயும் நகரவில்லை. இது யாரும் போட்ட கல் இல்லை.

மேலே வட்டமாக வெளிச்சம். அதன் விளிம்பில் தலைகள். காளியம்மா குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தாள்.

கவுண்டர் குரல் கொடுத்தார். "எத்தனை அடிப்பா?"

"இருபத்திரண்டுங்க" என்றேன்.

தலைகள் காத்திருந்தன. யாரும் மேற்கொண்டு கேட்கவில்லை. நான் கம்பியைச் சுவரில் சாய்த்துவிட்டு நிமிர்ந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சத்தமாகச் சொன்னேன்.

"பாறைங்க. இங்க தண்ணி வராது."